துணி ஈஸி சேர்: வேலூர் வெயிலில் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக வாங்கலாம். மரச் சட்டம், நடுவில் தொங்குகிற கித்தான் துணி, வேண்டாத நேரத்தில் மடக்கிச் சுவரோரம் சாத்தி வைக்கிற அந்தப் பழைய மாடல் ஈஸி சேர்தான். காகிதப்பட்டறைப் பக்கம் ஒரு சின்ன மரப்பட்டறையில் சொல்லிச் செய்தேன். தேக்கு என்றால் 6,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார் ஆசாரி, வேப்பமரத்தில் துணியோடு சேர்த்து 3,800-க்கு முடிந்தது. வேப்பமரத்தில் பூச்சி அவ்வளவு சுலபமாக அண்டாது, வீட்டுக்குள் வைத்துப் பழகுகிற பொருளுக்கு அது போதும்.

நான் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்குப் போன நாளெல்லாம் காலையில் அடுப்படி, அப்புறம் பஸ், சாயந்திரம் திரும்ப அடுப்படி, ராத்திரி விடைத்தாள் என்று ஓடியது. ரிட்டயர் ஆனால் வீட்டில் நிம்மதியாக உட்காரலாம் என்று இருந்தேன், ஆனால் உட்கார ஒரு இடம் வேண்டுமே. ஹாலில் இருக்கிற சோபா டிவியைப் பார்த்துப் போட்டது, அதில் உட்கார்ந்தாலே யாராவது ரிமோட்டை எடுத்துவிடுவார்கள். கட்டிலில் சாய்ந்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். மிச்சம் இருப்பது தரை. தரையில் உட்கார்ந்த பெண்ணுக்குக் கையில் வேலை தானாக வந்துவிடும், அதை யாரும் கொண்டுவந்து கொடுக்கக்கூட வேண்டாம். முருங்கைக்கீரை உருவ, புளியில் கொட்டை எடுக்க, துவைத்த துணியை மடிக்க, பூண்டு உரிக்க என்று ஏதாவது ஒன்று பக்கத்திலேயே இருக்கும், நாமும் பேசிக்கொண்டே செய்துவிடுவோம்.

எங்கள் தாத்தா வீட்டில் ஈஸி சேர் இருந்தது. உங்களில் பல பேர் வீட்டிலும் இருந்திருக்கும். அதில் தாத்தா உட்காருவார், தாத்தா இல்லாத நேரத்தில் பிள்ளைகள் ஏறி ஆடுவார்கள், வருகிற ஆண் விருந்தாளிக்கு மரியாதைக்கு எடுத்துப் போடுவார்கள். பாட்டி அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை, ஆனாலும் உட்காரவில்லை. ஈஸி சேரை வீட்டில் இறக்கியபோது என் மாமியார் கேட்டது இதைத்தான்.

"இது யாருக்கும்மா, தம்பிக்கா?"

"எனக்குத்தான் அத்தை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைச் சுற்றி வந்து கையால் துணியை அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லா கெட்டியாத்தான் கீது" என்றார்.

இனி நாற்காலியைப் பற்றி. இதனுடைய பெரிய குணம், இதில் உட்கார்ந்துகொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது. உண்மையாகவே முடியாது. கீரைக்கட்டை மடியில் வைத்தால் சரிந்து இடுக்கில் போய்விடும். முறத்தை வைத்தால் அரிசி எல்லாம் நம் வயிற்றுப் பக்கம் உருளும். துணி மடிக்கக் கை எட்டாது. காபி குடிக்க வேண்டும் என்றால்கூட முதுகை நிமிர்த்தி முன்னால் வர வேண்டும். போன் பார்க்கலாம், ஆனால் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் தோள் வலிக்கும், கீழே வைத்துவிடுவோம். புத்தகம் வாசிக்கலாம், அதுவும் மெல்லிசாக இருந்தால். கடைசியில் இரண்டு கையும் சும்மா இருக்கும். எனக்கு இது முதலில் தாங்கவில்லை. சட்டத்தின் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன், அடுப்பில் ஏதோ வைத்த மாதிரியே மனசு அடித்துக்கொண்டது, எதற்காவது எழுந்திருக்கச் சாக்கு தேடினேன். அப்புறம் எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அது நின்றுபோனது. இப்போது கை மடியில் கிடக்கிறது, அதை நான் கவனிப்பதுகூட இல்லை.

வேலூர் வெயில் தெரிந்தவர்களுக்கு மே மாதத்து மத்தியானம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே பெரிய செய்தியே இல்லை, பேப்பர்காரர்கள் 'சதமடித்த வெயில்' பட்டியல் போட்டால் எங்கள் ஊர் பெயர் அநேகமாக அதில் இருக்கும். சுற்றிலும் பாறை மலை, பாலாறு முக்கால்வாசி நாள் வெறும் மணல். பத்து மணிக்கு மேல் அவசியம் இல்லாமல் யாரும் வெளியே போக மாட்டார்கள். இந்த நேரத்தை 'வீட்டில் அடைந்து கிடக்கிறோம்' என்றுதான் எல்லோரும் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். இந்தக் கோடையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. சாப்பிட்டு முடித்து, அன்றைக்குக் கேழ்வரகுக் களியும் முள்ளுக்கத்தரிக்காய்க் காரக்குழம்பும் (2023-இல் புவிசார் குறியீடு வாங்கினதே, எங்கள் வேலூர்க் கத்தரிக்காய், அதுதான்) என்று வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரத்தைத் தொட்டியில் ஊறப் போட்டுவிட்டு அங்கே வந்து சாய்ந்தால் முதல் பத்து நிமிஷம் ஒரு சத்தமும் கேட்காது போலத்தான் இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக வரும். எதிர்வீட்டு மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்கிறது. மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் எந்த வீட்டினுடையது என்று இப்போது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் ஊதுவது காற்று இருக்கிற நாளில் கேட்கும், இல்லாத நாளில் இல்லை. முருங்கை மரத்து அணில் ஒன்று, மத்தியானத்தில் அடிக்கிளையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நாலு காலையும் தொங்கப்போட்டுப் படுத்திருக்கும். செத்துவிட்டதோ என்று முதல் நாள் பயந்தேன். சூடு தாங்காமல் அது அப்படிக் கிடக்கிறது, வால் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருக்கும். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அணில் இப்படித் தூங்கும் என்று பார்க்க நேரம் கிடைத்ததில்லை.

இதெல்லாம் நாற்காலி விமர்சனத்தில் எதற்கு என்று கேட்கலாம். நாற்காலியால் கிடைத்தது இதுதான், வேறு எதை எழுதுவது? தியானம், யோகா என்று எவ்வளவோ சொல்கிறார்கள், அதற்குக் காசு கட்டி வகுப்புக்குப் போகிறவர்கள் என் சிநேகிதிகளிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது, நல்லதுதான். எனக்கு என் வீட்டிலேயே, எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் சும்மா இருக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் ஆசை. விசேஷ நாள் எல்லாம் தானாகக் கழிந்துவிடும். செவ்வாய்க்கிழமைகள்தான் அதிகம்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும்.

எழுந்திருப்பது கஷ்டம். உட்காருகிற இடம் தாழ்வாகவும் பின்சரிவாகவும் இருப்பதால், மூட்டுவலி உள்ளவர்கள் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் நகர்ந்துதான் எழ முடியும். முன்பக்கக் குறுக்குச் சட்டம் தொடைக்கு அடியில் அழுத்தும், ரொம்ப நேரம் இருந்தால் கால் மரத்துப் போகும். அதற்கு ஒரு பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து அந்தச் சட்டத்தின் மேல் போட்டுவிட்டேன். புடவை கட்டிக்கொண்டு உட்காருபவர்கள் முந்தானையை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்துச் சட்டங்கள் சேருகிற ஆணியில் மாட்டிக் கிழியும். மடக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே விடாதீர்கள், அந்த இடுக்கில் விரல் அகப்பட்டால் நசுங்கிவிடும்.

வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று, பின்னால் உயரத்தை மாற்றுவதற்கு வெட்டியிருக்கும் பல். மூன்று பல் இருந்தால் போதும், ஆனால் ஒவ்வொன்றும் ஆழமாக வெட்டியிருக்க வேண்டும். மேலோட்டமாக இருந்தால் நாம் அசையும்போது தாங்குகட்டை வழுக்கி நாற்காலி அப்படியே படுத்துவிடும். இரண்டாவது, துணியைத் தாங்குகிற உருட்டுக் கம்பு. துணியின் இரண்டு முனையிலும் பை மாதிரி மடித்துத் தைத்து, அதற்குள் இந்தக் கம்பைச் செருகியிருப்பார்கள், நம் முழு எடையும் அதில்தான் நிற்கிறது. கம்பில் முடிச்சோ விரிசலோ இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். நான் பார்த்த ஆசாரி கேட்காமலேயே ஒரு கம்பை ஒதுக்கிவிட்டு வேறு எடுத்தார், அந்த ஒரு காரியத்துக்காகவே அவரிடம் திரும்பப் போவேன்.

துணி விஷயத்தில் நைலான் வேண்டாம். ஆன்லைனில் இரும்புக் குழாயும் நைலான் வலையுமாகக் குறைந்த விலைக்கு வருகிறது, பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கிறது, உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் ஊர் வெயிலுக்கு முதுகில் ஒட்டுகிறது, குழாயில் கை வைத்தால் சுடுகிறது. பருத்திக் கித்தான் வியர்வையை வாங்கிக்கொள்ளும், காற்றும் போகும். ஒன்றே ஒன்று, தைக்கக் கொடுக்கும் முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுவிடுங்கள். இல்லையென்றால் முதல் துவையலில் சுருங்கிக் கம்பை ஏற்ற முடியாமல் போகும். அப்படியும் உட்கார உட்கார நாளடைவில் துணி தொய்யும், இடுப்பு கீழ்ச் சட்டத்தில் இடிக்க ஆரம்பித்தால் ஒரு விரல் அளவுக்கு மடித்துத் திரும்பத் தைக்க வேண்டும்.

தைப்பது ஒரு பிரச்சினை. சாதாரணத் தையல் மெஷினில் கித்தானை நாலு மடிப்பாகத் தைத்தால் ஊசி ஒடியும், எங்கள் தெரு டெய்லர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆனால் நம் பழைய வேலூர் ஜில்லாப் பக்கம் அதற்கு வழி இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் தோல் ஊர்கள், ஷூவின் மேல்பாகம் தைக்கிற கனத்த மெஷின் வைத்திருப்பவர்கள் அங்கே கிடைப்பார்கள், வேலூரிலும் தேடினால் கிடைப்பார்கள். எனக்குத் தைத்துக் கொடுத்தது ஷூ கம்பெனியில் வேலை பார்த்து நின்றுவிட்ட ஒரு பெண். தோல் தைக்கிற நூலையே போட்டு இரட்டைத் தையலாக ஓட்டிக் கொடுத்தார். 150 ரூபாய்தான் வாங்கினார், அந்தத் தையல் இன்றைக்கு வரை ஓர் இழைகூட விடவில்லை. கூடவே இன்னொரு துணியும் தைத்து வைத்துக்கொண்டேன், ஒன்று துவைக்கப் போனால் ஒன்று மாட்டலாம்.

மழையில் நனைய விடாதீர்கள். ஆடி, ஆவணியில் மத்தியானம் கொளுத்திவிட்டுச் சாயந்திரம் திடீரென்று இடியோடு கொட்டும் இங்கே, தாழ்வாரத்தில் போட்டிருந்தால் மேகம் கறுத்ததுமே மடக்கி உள்ளே எடுத்துவிட வேண்டும். நனைந்த கித்தான் ஒரு நாளில் காயாது, பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழுந்தால் போகவும் போகாது. மரம் ஈரத்தில் உப்பினால் மடக்குகிற இடம் இறுகிக்கொள்ளும், கொஞ்சம் மெழுகு தடவினால் சரியாகும்.

எடை குறைவு என்பதால் மொட்டை மாடிக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். ஏப்ரலில் கூழ் வடாம் போட்டபோது காக்கைக்குக் காவல் இருக்க மாடிப்படிக் கூரையின் நிழலில் இதைப் போட்டுக்கொண்டேன். வழக்கமாக வடாம் காவல் என்றால் எனக்குப் பெரிய தண்டனை, கீழே கிடக்கிற வேலையெல்லாம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். இந்த முறை புடவையில் வட்டம் வட்டமாகப் பிழிந்திருந்த மாவு ஓரத்திலிருந்து எப்படிக் காய்கிறது என்று பார்த்தேன். வெளி வளையம் முதலில் வெளுத்துக் கண்ணாடி மாதிரி ஆகிறது, நடுவில் மட்டும் பால் நிறத்தில் ஈரம் நிற்கிறது, வெயில் ஏற ஏற அந்த ஈரவட்டம் சுருங்கி ஒரு மிளகு அளவுக்கு வந்து மறைகிறது. எதிரே மலைமேல் பழைய கோட்டை மதில், கானலில் லேசாக நெளிந்துகொண்டிருந்தது. அரைகுறையாகக் காய்ந்ததில் ஒன்றை உரித்துத் தின்றேன். பெருங்காயமும் பச்சைமிளகாயும் சரியாக இருந்தன, உப்பு ஒரு கல் கூட.

யார் வாங்க வேண்டாம் என்றும் சொல்கிறேன். லேப்டாப் வைத்து வேலை பார்க்க நினைப்பவர்கள், இடுப்புத் தட்டு விலகி டாக்டர் நேராக உட்காரச் சொன்னவர்கள், மூட்டு ஆபரேஷன் ஆனவர்கள் வேண்டாம். சின்ன பிளாட்டில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டியதில்லை, மடக்கினால் கதவுக்குப் பின்னால் நின்றுவிடும்.

வேலை, வீடு இரண்டும் பார்க்கிற பெண்களுக்கு நான் இதைக் கட்டாயம் சொல்வேன். வாங்குகிறவர்கள் வீட்டில் 'இது எனக்கு' என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒரே வாரத்தில் அது வீட்டுக்காரருடையதாகிவிடும். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், நான் அடுப்படியில் இருக்கும்போது பேப்பரோடு அதில் சாய்ந்துகொள்வார், நான் வந்தால் எழுந்துவிடுவார்.

அத்தைதான் கொஞ்ச நாள் கிட்டே வரவில்லை. ஒருநாள் சாயந்திரம் நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அதில் சாய்ந்திருந்தார், பக்கத்தில் உரிக்காத பூண்டு அப்படியே கிடந்தது. எழப் போனவரைப் பிடித்து உட்காரவைத்தேன். எண்பது வயதுக்கு அந்தத் தாழ்வு சரிப்படவில்லை, எழுப்பிவிட ஆள் வேண்டியிருக்கிறது. அதனால் அதே ஆசாரியிடம் இன்னொன்று சொல்லியிருக்கிறேன், நான்கு அங்குலம் உயரம் கூட்டி, கை ஊன்றி எழ அகலமான கைப்பலகை வைத்து. 4,500 கேட்கிறார், 500 அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. துணி பச்சைக் கோடு போட்டதாக இருக்கட்டும் என்று அத்தையே சொல்லிவிட்டார்.