ரன்னிமீட் விமானப்படை நினைவிடம்: ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள்

லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரைப் புல்வெளியைப் பார்த்தபடி கூப்பர்ஸ் ஹில் என்ற குன்றின் மேல் இருக்கிறது இந்த நினைவிடம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனிலிருந்தும் வடக்கு, மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து போய் உடல் கிடைக்காமல், கல்லறை என்று ஒன்று இல்லாமல் போன 20,000-க்கும் அதிகமான விமானப்படையினரின் பெயர்கள் இங்கே கல்லில் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. நல்ல இடம், அழகான இடம், ஆனால் சும்மா சுற்றிப் பார்க்கப் போனால் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். ஒரு பெயரைத் தேடிக்கொண்டு போனால் கதையே வேறு.

நான் தேடிப் போன பெயர் பிரெண்டன் ஃபினுக்கேன். டப்ளினில் பிறந்தவர், 'பேடி' என்று கூப்பிடுவார்கள், தன் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் அயர்லாந்தின் சின்னமான ஷாம்ராக் இலையை வரைந்து வைத்திருந்தவர், 21 வயதிலேயே விங் கமாண்டர். 1942 ஜூலை 15 அன்று பிரெஞ்சுக் கடற்கரையைத் தாழப் பறந்து கடந்தபோது தரையிலிருந்து சுட்ட இயந்திரத் துப்பாக்கிக் குண்டு அவர் விமானத்தின் ரேடியேட்டரில் பட்டது. ஸ்பிட்ஃபயர் எஞ்சின் திரவத்தால் குளிர்விக்கப்படுவது, அந்தத் திரவம் ஒழுகிப் போனால் சில நிமிடங்களில் சூடேறி நின்றுவிடும். பாராசூட்டில் குதிக்கிற உயரம் இல்லை, கடலில்தான் இறக்கியாக வேண்டும், ஆனால் இறக்கைக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ரேடியேட்டர்கள் தண்ணீரில் பட்டதும் விமானத்தை மூக்குக் குப்புற இழுத்துவிடும். கூடப் பறந்தவர்கள் கண்ணெதிரே விமானம் மூழ்கியது, அவர் மேலே வரவே இல்லை. பத்துப் பதினைந்து குண்டுகள் வேண்டாம், ஒன்று போதும் என்பதை இதைப் படித்த பிறகுதான் நான் உண்மையாகவே உணர்ந்தேன்.

சரி, 20,000 பெயர்களில் ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? இதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத் தேடல் இருக்கிறது, அதுவும் இலவசம்தான், என்னைக் கேட்டால் நினைவிடத்தில் பாதி அதுதான். குடும்பப் பெயரைப் போட்டு, விமானப்படை என்று தேர்ந்தெடுத்து, இறந்த ஆண்டைக் குறுக்கினால் ஆள் கிடைத்துவிடுவார். பதவி, இறந்த தேதி, தெரிந்திருந்தால் வயது, பெற்றோர் விவரம், எல்லாவற்றையும் விட முக்கியமாக, பெயர் எந்தக் கல் பலகையில் இருக்கிறது என்று சொல்லும் பலகை எண். ஃபினுக்கேனுக்கு 64. அதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கல்லில் பெயரும் பதவியும் பதக்கங்களுமே இருக்கின்றன. ஆண்டுவாரியாக, படைவாரியாக, பதவிவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். நம் நடுகற்களில் இன்னார், இன்ன ஊர்ச் சண்டையில், மாடு மீட்கப் போய்ப் பட்டார் என்று செய்தியும் சேர்ந்தே இருக்கும். இங்கே அந்தச் செய்தியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். எனக்கு இது குறையாகப் படவில்லை, எப்படிச் செத்தார் என்பதே தெரியாத ஆட்கள்தானே இதில் நிறைய. தனியாக ஒரு ஆள் ஓட்டும் போர் விமானம் மேகத்துக்குள் போய்த் திரும்பாவிட்டால் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்?

கட்டடத்தைப் பற்றி: எட்வர்ட் மௌஃப் வடிவமைத்தது, 1953 அக்டோபரில் இரண்டாம் எலிசபெத் ராணி திறந்து வைத்தார். குறுகிய ஜன்னல்களின் பக்கவாட்டுக் கற்களில் பெயர்களைச் செதுக்கியிருப்பதால் வெளிச்சம் பக்கத்திலிருந்து எழுத்தின் மேல் விழுகிறது, படிக்கச் சிரமமே இல்லை. வடக்கே உள்ள பெரிய ஜன்னல் கண்ணாடியில் விடியலின் சிறகெடுத்துக் கடலின் கடைக்கோடிக்குப் போனாலும் உன் கை என்னை நடத்தும் என்ற பைபிளின் சங்கீதப் புத்தக வரிகள். கடலில் போனவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வரி இல்லை. அதற்கு முன்னால் நிதானமாக நில்லுங்கள், அவசரப்படாதீர்கள்.

அப்புறம் 243-ஆம் பலகையையும் பாருங்கள். நூர் இனாயத் கான், திப்பு சுல்தான் வழிவந்தவர், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸில் பிரிட்டனுக்குச் செய்தி அனுப்பும் ரகசிய வானொலியை இயக்கியதற்காகப் பிடிபட்டு 1944-இல் ஜெர்மனியின் டாகாவ் வதைமுகாமில் கொல்லப்பட்டவர், பெண்கள் துணை விமானப்படையில் இருந்ததால் அவர் பெயரும் இங்கே இருக்கிறது.

புல்வெளியிலிருந்து நடந்து ஏறினால் ஏற்றம் செங்குத்து, முதியவர்களோடு போகிறவர்கள் காரில் மேலேயே போய்விடுவது நல்லது. என் மதிப்பீடு ஐந்துக்கு ஐந்து. ஆனால் ஒன்று, நீங்கள் தேடுகிறவர் பர்மாவிலோ வங்கக் கடலிலோ காணாமல் போனவர் என்றால் இவ்வளவு தூரம் வர வேண்டாம். தெற்கு, கிழக்கு ஆசியாவிலும் சுற்றியுள்ள கடல்களிலும் தொலைந்த விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவிடத்தில் இருக்கின்றன, அங்கே பெயர் எந்தத் தூணில் இருக்கிறது என்ற எண்ணும் அதே தேடலில் கிடைக்கும்.