கேட்ட வார்டு கிடைக்கவில்லை: ஈப்போவா, டயாலிசிஸா, முதியோர் இல்லமா, காத்திருப்பதா?

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணங்களில் ஒவ்வோர் ஆண்டும் சில பெண் பிள்ளைகள் நர்சிங் டிப்ளோமா முடித்து வருகிறார்கள். இப்போது ஓரிரு பையன்களும் உண்டு. மூன்று வருடப் படிப்பு, ஜுருராவாட் (நர்சிங்) வாரியத் தேர்வு, பதிவு, அந்த ஆண்டுக்கான ஏ.பி.சி. என்ற பணி அனுமதிச் சான்றிதழ் என்று எல்லாம் கைக்கு வந்தபின் முதல் வேலைக் கடிதம் வரும். அதில் இருப்பது பெரும்பாலும் கேட்ட வேலையாக இருக்காது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு தங்கச்சிக்கு இப்போது அதே கதைதான். அவள் கேட்டது அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு. வந்ததோ ஈப்போ தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் வார்டு, ஊரிலேயே ஒரு டயாலிசிஸ் சென்டர், பக்கத்துத் தாமானில் ஒரு முதியோர் இல்லம். நான்காவது வழி, எதற்கும் போகாமல் அரசாங்கக் கடிதத்துக்குக் காத்திருப்பது. அம்மாவுக்கு டயாலிசிஸ் பிடித்திருக்கிறது. அப்பா "கவர்மெண்ட் வரட்டும்" என்கிறார். அவளுக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை.

பிடிக்கிறதா என்பதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, நான்கு இடத்துக்கும் ஒரே கேள்வியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். உனக்குத் தெரியாத ஒன்று நோயாளிக்கு நடந்தால், அந்த நிமிடத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள்? டிப்ளோமா முடித்த முதல் வருடத்தில் தெரியாத விஷயங்கள் தினமும் நடக்கும். எவ்வளவு நன்றாகப் படித்த பிள்ளைக்கும் அப்படித்தான்.

முதலில் டயாலிசிஸ் சென்டர். வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது அதுதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. நைட் ஷிப்ட் கிடையாது. பெரும்பாலான இடங்களில் ஞாயிறு லீவு. மோட்டாரில் பத்து நிமிடத்தில் வீடு. அறை வாடகை இல்லை, அம்மா சமையல் இருக்கிறது. மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவதை மட்டும் பார்த்தால் ஈப்போ வேலை இதற்கு ஈடாகாது. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கப் படிப்புக் கடனைக் கட்டத் தொடங்க வேண்டிய வீட்டில் இதைச் சின்ன விஷயம் என்று சொல்லிவிட முடியாது.

வேலையும் லேசானதல்ல. நோயாளிகள் வாரம் மூன்று நாள் வருவார்கள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மெஷினில் இருப்பார்கள். பாதிப் பேருக்கு மேல் இனிப்புநீரால் கிட்னி போனவர்கள். எடை பார்த்து, இரத்த அழுத்தம் பார்த்து, கையில் டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவில் இரண்டு தடித்த ஊசி ஏற்ற வேண்டும். நடுவில் அழுத்தம் சட்டென்று இறங்கும், காலில் தசைப்பிடிப்பு வரும். "அண்ணே, மூணு கிலோ ஏறி வந்திருக்கீங்க, நேத்து யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்கிற உரிமையும் சீக்கிரம் வந்துவிடும். தோட்டத்துக் காலத்திலிருந்து தெரிந்த மாமாக்கள், அத்தைகள்தான் நாற்காலியில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஒரு திங்கட்கிழமை வராமல் போவதும் உண்டு. அதற்கும் மனசு தயாராக இருக்க வேண்டும்.

ஆனால் இரண்டு வருடம் கழித்துக் கை எதைக் கற்றிருக்கும்? ஊசி ஏற்றுவதில் கெட்டியாகியிருக்கும். ஆப்பரேஷன் முடிந்து வந்தவரைப் பார்த்துக்கொள்வது, இரத்தம் ஏற்றுவது, ஒரு வார்டு முழுக்க மருந்து கொடுத்து முடிப்பது, மூச்சு நின்றவருக்கு ஓடுவது எல்லாம் கல்லூரியில் பார்த்தபடியே நின்றிருக்கும். அதன்பின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடி புது ஆள்தான். இதை நல்ல இரண்டாவது வேலை என்பேன். முதல் வேலையாக எடுக்க ஒரு நிலைமையில் மட்டும் சரி என்பேன். வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்து, ஊரை விட்டு நகர முடியாது என்றால், தயங்காமல் சேரலாம். சேரும்போதே ரீனல் போஸ்ட் பேசிக் என்ற, டிப்ளோமாவுக்குப் பிந்தைய கிட்னி சிறப்புப் படிப்புக்கு எப்போது அனுப்புவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழ் இருந்தால் டயாலிசிஸ் ஒரு முழுத் தொழிலாகவே நிற்கும்.

முதியோர் இல்லத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. வயதானவர்களைப் பார்ப்பது தாழ்ந்த வேலை என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அந்த இடத்தில் பதிவு பெற்ற நர்ஸ் நீ ஒருத்தியாகவே இருக்கலாம், மற்றவர்கள் பராமரிப்பாளர்கள். டாக்டர் போனில். மூக்குக் குழாய் கழன்றாலும், சர்க்கரை இறங்கி ஒரு பாட்டி பேச்சில்லாமல் கிடந்தாலும், எல்லோரும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தப்பு நடந்தால் வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நீதான். இப்படிப்பட்ட இல்லங்களுக்காக 2018-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் லைசென்ஸ் இல்லாத வீடுகள் நாட்டில் இன்னும் நடக்கின்றன. லைசென்ஸ் இருக்கிறதா, ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.-இல் முதலாளி பங்கு 13 சதவீதம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பத்து வருட அனுபவத்தோடு போய் நடத்த வேண்டிய இடம் அது.

அப்பா சொல்கிற அரசாங்க வேலைக்கு வருவோம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள், சீனியர்கள் இருப்பார்கள், மேல்படிப்புக்கும் வழி உண்டு. ஆனால் அப்பா மனதில் இருப்பது பழைய பென்ஷன். 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேருபவர்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது, இ.பி.எஃப். வழிதான். ஒப்பந்த அடிப்படையிலும் எடுக்கிறார்கள். போஸ்டிங் சுங்கை சிப்புட்டிலேயே விழும் என்றும் இல்லை, சபா, சரவாக் வரை போகலாம். வாரம் 45 மணி நேரம் என்ற அறிவிப்பு 2024-ல் வந்து, நர்ஸ்கள் எதிர்த்து, தள்ளிப்போடப்பட்ட கதையும் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காத்திருப்பதைப் பற்றி எல்லோரும் மறக்கிற விஷயம் ஒன்று உண்டு. தனியாரில் சேர்ந்தால் எஸ்.பி.ஏ. என்ற அரசாங்கப் பணி ஆணையத்துக்குப் போட்ட விண்ணப்பம் செத்துப்போவதில்லை. வேலை பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். வீட்டில் சும்மா இருந்து காத்திருந்தால் கை மறந்துபோகும். நேர்முகத்தில் "இத்தனை நாள் என்ன செய்தாய்?" என்று கேட்டால் சொல்லவும் ஒன்றும் இருக்காது.

மிஞ்சுவது ஈப்போ மெடிக்கல் வார்டு. நான்கிலும் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காதது இதுதான். ஸ்ட்ரோக் வந்தவர்கள், புண் பிடித்த முதுகுகள், டயப்பர், சொந்தக்காரர்களின் கோபம், நைட் ஷிப்ட். தூரம் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் மாலை ஷிப்ட் ஒன்பது மணிக்கு முடிந்து, ரிப்போர்ட் கொடுத்து வெளியே வரவே ஒன்பதரை ஆகும். அதற்குப் பிறகு சிம்மோர், கந்தான் வழியே லாரிகளோடு ஒரு பெண் பிள்ளை மோட்டாரில் வர வேண்டும் என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். போவதானால் ஹாஸ்டல், இல்லை மூன்று பேராகச் சேர்ந்து ஓர் அறை. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் சம்பளத்தைப் பார்க்க வேண்டும்.

இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். டிங்கி காய்ச்சலோடு வந்தவருக்குக் காய்ச்சல் இறங்கியதும் வீட்டார் பழம் நறுக்க ஆரம்பிப்பார்கள். உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்கும். ஹெமட்டோகிரிட் (இரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்ற அளவு) ஏறுகிறதா, சிறுநீர் குறைகிறதா, வயிறு வலிக்கிறது என்கிறாரா என்று மணிக்கு மணி பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு சீனியர் நின்று "இவரைப் பார், நேற்று மாதிரி இல்லை" என்று சொல்லிக்காட்டினால் அது ஆயுளுக்கும் மறக்காது. இன்சுலின், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், எலிக்காய்ச்சல் என்று ஒரே வார்டில் எல்லாம் வரும். பிறகு எந்தப் பிரிவுக்குப் போனாலும் இதுதான் அடித்தளம். சவூதிக்கோ சிங்கப்பூருக்கோ போக நினைத்தாலும் ஏஜெண்டுகள் முதலில் கேட்பது ஆஸ்பத்திரி வார்டு அனுபவத்தைத்தான்.

அவள் ஆசைப்படும் பிரசவ வார்டுக்கும் இதில் வழி இருக்கிறது. டிப்ளோமாவை மட்டும் வைத்துக்கொண்டு பிரசவம் பார்த்துவிட முடியாது. அதற்கு மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும்) போஸ்ட் பேசிக் முடித்துப் பதிவு வேண்டும். அந்தப் படிப்புக்குச் சில வருட வார்டு அனுபவத்தோடு வருகிறவர்களைத்தான் எடுப்பார்கள். ஆக இன்றைக்கே பிரசவ வார்டு கொடுத்திருந்தாலும் அவள் அங்கே கைக்கு உதவியாகத்தான் நின்றிருப்பாள்.

ஒன்று மட்டும் என் ஓட்டை மாற்றும். அதுதான் பாண்ட், இத்தனை வருடம் அங்கே வேலை செய்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம். படிக்கும்போதே ஆஸ்பத்திரி பணம் கட்டியிருந்தால் வேறு வழியில்லை, போய்த்தான் ஆக வேண்டும். இப்போது புதிதாக "டிரெய்னிங் பாண்ட்" என்று நீட்டினால் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு, மாதம் ஆக ஆக அந்தத் தொகை குறையுமா, ஜாமீன் யார் என்று நான்கையும் எழுத்தில் பார்க்க வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் கூலி வாங்குகிற அப்பாவை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னால், படித்துப் பார்த்த பிறகுதான் பேனாவைக் கொடுக்க வேண்டும். தொகை குறையாது, மூன்று வருடத்துக்கு மேல் என்றால் நான் டயாலிசிஸ் பக்கம் சாய்வேன்.

நேர்முகத்தில் வெட்கப்படாமல் கேட்க வேண்டியவை இன்னும் சில. ஓரியன்டேஷன் எத்தனை வாரம்? தனியாக நைட் போடுவதற்கு முன் யார் கையெழுத்துப் போட வேண்டும்? ராத்திரியில் அந்த வார்டில் எத்தனை ஸ்டாஃப் நர்ஸ், அதில் எத்தனை பேர் இரண்டு வருடம் தாண்டியவர்கள்? "அதெல்லாம் பார்த்துக்கலாம் மா" என்று பதில் வந்தால் அந்த ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு ஈப்போவிலேயே இன்னொன்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஏ.பி.சி. கையில் இருக்கும்வரை அவளுக்கு அவசரம் இல்லை. டயாலிசிஸ்காரர்களிடம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஈப்போவில் நேர்முகம் புதன்கிழமை.