லீவர் வைத்த டிராவலா, மாறாத டிராவலா?

என் வண்டியின் பின் ஷாக்கை, அதாவது ஷாக் அப்சார்பரை, கழற்றி சர்வீஸுக்கு அனுப்பியிருந்த மூன்று வாரமும் நண்பர் ஒருவர் தன் வண்டியைக் கொடுத்து உதவினார். இரண்டுமே ஃபுல் சஸ்பென்ஷன், அதாவது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள, மலைச் சைக்கிள்கள். 29 அங்குலச் சக்கரம், டிஸ்க் பிரேக், ஓடும்போதே தாழ்த்தக்கூடிய சீட் போஸ்ட் என்று எல்லாம் ஒரே ஜாதி. ஒன்றே ஒன்றுதான் வேறு. என் வண்டியின் ஹேண்டில்பாரில் ஒரு லீவர் உண்டு. ஒரு தட்டு தட்டினால் பின்பக்க டிராவல், அதாவது பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தூரம், 150 மி.மீ.யிலிருந்து 100க்கு வரும். இன்னொரு தட்டில் கிட்டத்தட்டப் பூட்டிக்கொள்ளும். நண்பருடையதில் பின்னால் 140. மேடோ பள்ளமோ, அந்த 140தான்.

நான் லீவர் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் ஓட்டிய பிறகும் அப்படித்தான். ஆனால் அந்த மூன்று வாரத்தில் கட்சி விசுவாசம் கொஞ்சம் ஆட்டம் கண்டது உண்மை.

லீவர் வண்டி கொஞ்சம் கனம், விலையும் கூடுதல். அதில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

டிராவலைக் குறைப்பது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? கைப்பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். பம்ப் நீளமாக இருந்தால் கொஞ்சம் தூரம் போய்த்தான் இறுகும், குட்டையாக இருந்தால் உடனே இறுகும். ஷாக்கிலும் அதே கதைதான். காற்று அறையில் ஒரு பகுதியை லீவர் அடைத்துவிடுகிறது. மீதியிருக்கும் சின்ன இடத்தில் காற்று சீக்கிரம் இறுகுவதால் சக்கரம் முன்பு போல அவ்வளவு மேலே வர முடியாது. ஸ்காட் ஜீனியஸ் வண்டிகளில் ட்வின்லாக் என்று வருவது இந்த வகை. என் வண்டியும் இதே தத்துவம்தான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் உயரம் குறையாது, லீவர் தட்டும்போது கொஞ்சம் விறைக்கும், அவ்வளவுதான்.

பெடல் மிதிக்கும்போது வண்டி குதிக்காமல் இருக்கத்தான் இது என்று நானும் முதலில் நினைத்தேன். குதிப்பு குறைவது சின்ன லாபம். பெரிய லாபம் வண்டி நிற்கும் உயரத்தில் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தாலே சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும் அல்லவா, சேக் என்பார்கள். 150 மி.மீ. டிராவலுக்கு 30 சதவீதம் வைத்தால் பின்சக்கரத்தில் 45 மி.மீ. செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் இன்னும் அமுங்கும். பின்பக்கம் தாழ, முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் இடமும் வலமும் அலையும். லீவரைத் தட்டினால் அந்த 45, என் எடைக்கு 25, 30 என்று குறைகிறது. பின்பக்கம் 15 முதல் 20 மி.மீ. எழும்பி, சீட் முன்னுக்கு வந்து, முன்சக்கரத்தில் மறுபடி பாரம் விழுகிறது. வண்டி சாயும் கோணத்தில் பார்த்தால் ஒரு டிகிரி கூட வராது. ஆனால் மூச்சு வாங்கும் ஏற்றத்தில் அந்த முக்கால் டிகிரி நன்றாகவே தெரியும்.

இதே காரியத்தை முன்னால் இருந்து செய்யும் வகையும் உண்டு. ஃபாக்ஸ் கம்பெனியின் டாலஸ், ராக்‌ஷாக்ஸின் டூயல் பொசிஷன் ஏர் போன்ற ஃபோர்க்குகள். தலையில் இருக்கும் குமிழைத் திருகி ஃபோர்க்கை ஒரு அமுக்கு அமுக்கினால் 160 மி.மீ. ஃபோர்க் 130 ஆகிவிடும். முன்பக்கம் தாழ்வதால் கோணம் ஒரு டிகிரிக்கு மேலேயே நிமிர்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பெடல் எங்கே போகிறது என்று பாருங்கள். பின்பக்கத்தை எழுப்பினால் பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் சுமார் 10 மி.மீ. மேலே போகும். ஃபோர்க்கைத் தாழ்த்தினால் அதே அளவு கீழே வரும். கல் நிறைந்த ஏற்றத்தில், பெடல் கல்லில் இடிக்கவே கூடாத இடத்தில், பெடலைத் தரைக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது இந்த ஃபோர்க். இரவல் வாங்கி ஒரு பருவம் அப்படி ஒன்றை ஓட்டினேன். வழவழப்பான நீண்ட ஏற்றத்தில் அருமையாக இருந்தது. கல்லும் வேரும் வந்தால் குமிழைத் தொடவே மாட்டேன். இன்னொரு குறை, டூயல் பொசிஷன் ஏரில் காற்று அறைக்குள் பிளாஸ்டிக் துண்டு போட்டு இடத்தைக் குறைத்து, கடைசி பகுதியை இறுக்கமாக்கும் வசதி கிடையாது. ஒரு பருவ அனுபவத்துக்கு மேல் இதில் என் தீர்ப்பை நம்ப வேண்டாம்.

ஷேப்ஷிஃப்டர் என்ற டிராவல் மாற்றும் ஏற்பாடு உள்ள கேன்யன் ஸ்ட்ரைவ் வண்டியில் ஒரே ஒரு நாள்தான் ஏறியிருக்கிறேன். அதில் ஷாக்கைத் தொடாமல், ஷாக்கைப் பிடித்திருக்கும் இணைப்பின் இடத்தை ஒரு தனி வாயு உருளை நகர்த்துகிறது. முதலில் வந்ததில் 163க்கும் 130க்கும் இடையே மாறும், 2019இல் வந்ததில் 150க்கும் 135க்கும் இடையே. லீவரை அமுக்கிக்கொண்டு உடம்பைத் தூக்க வேண்டும் அல்லது அழுத்த வேண்டும், அப்போதுதான் மாறும். அந்த நாளில் பாதி அதைப் பழகுவதிலேயே போய்விட்டது. புத்திசாலித்தனமான வேலை என்பது மட்டும் தெரிந்தது.

சரி, நண்பரின் வண்டிக்கு வருவோம். முதல் நாள் ஏற்றத்தில் என் கட்டைவிரல் இல்லாத லீவரைத் தேடிக்கொண்டே இருந்தது. இரண்டாம் வாரத்தில் தேடுவதை நிறுத்திவிட்டது. காரணம் அந்த வண்டியின் வடிவம். சீட் குழாய் தரையோடு செய்யும் கோணம் 77 டிகிரி. பத்து வருடத்துக்கு முந்தைய வண்டிகளில் 73, 74தான் வழக்கம். அப்போது ஏற்றத்தில் ஆள் பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார், டிராவலைக் குறைக்க ஒரு வழி தேவைப்பட்டது. இப்போது வண்டியின் சட்டத்தை (ஃபிரேமை) வடிவமைக்கும்போதே ஆளை முன்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். டிராவல் மாற்றும் ஃபோர்க்குகள் கடைகளில் அருகிப்போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தளர்ந்த கல் கிடக்கும் படிக்கட்டு போன்ற ஏற்றங்களில் அந்த 140 என் 100ஐவிட நன்றாகவே தரையைப் பிடித்தது. வளைவுகளிலும் ஒரு நிம்மதி. எந்த நிலையில் வைத்திருக்கிறோம் என்ற யோசனையே இல்லை, வண்டி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அதன் ஷாக்கிலும் ஏற்றத்துக்கென்று ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அது எண்ணெய் ஓட்டத்தை நெருக்கி ஷாக்கை மந்தமாக்கும். ஆனால் காற்று அறை அப்படியே இருப்பதால் பின்பக்கம் எழும்பாது. போதாததற்கு, ஓடும்போது அது இருக்கும் இடத்துக்குக் கை கொண்டுபோவது சர்க்கஸ் வேலை. மூன்று வாரத்தில் நாலைந்து தடவைதான் தொட்டிருப்பேன். என் லீவரையோ ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை தட்டுவேன். ஏற்றம், நாலு திருப்பம், சின்ன இறக்கம், மறுபடி ஏற்றம் என்று மாறி மாறி வரும் பாதையில் லீவருக்கு இன்னும் ஈடு இல்லை. ஒரு மணி நேரம் ஏறி, அரை மணி நேரம் இறங்குவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் லீவரின் மதிப்பு பாதியாகக் குறைந்துவிடும். சைக்கிளை வேறு வாகனத்தில் ஏற்றி மேலே கொண்டுபோய் இறக்கம் மட்டும் ஓட்டுபவர்களுக்கு லீவர் வெறும் சுமை.

இவ்வளவும் ஓட்டத்தில் தெரியும் வித்தியாசம். சொந்தமாக வைத்திருப்பவனுக்கு உண்மையான வித்தியாசம் பராமரிப்பில்தான் இருக்கிறது.

என் ஷாக் ஏன் சர்வீஸுக்குப் போனது? இரண்டு காற்று அறைகளையும் பிரிக்கும் இடத்தில் ஒரு சீல் தேய்ந்துவிட்டது. ஒரேயடியாகத் தெரியவில்லை. நடு நிலை கொஞ்சம் கொஞ்சமாக மெத்தென்று ஆனது, எனக்குத்தான் கால் பலம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் 100க்கும் 150க்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. சாதாரண சீல் கிட் போதாது, முழுவதும் பிரிக்க வேண்டும், நைட்ரஜன் மறுபடி நிரப்ப வேண்டும் என்றார்கள். நண்பரின் ஷாக்கில் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, வெளி உருளையைக் கையாலேயே திருகிக் கழற்றி, சீல் மாற்றி, கிரீஸ் தடவி மூடிவிடலாம். மேஜை மேல் பழைய துணி விரித்து ஒரு மணி நேர வேலை. காற்றை வெளியேற்ற மட்டும் மறந்துவிடக் கூடாது.

அப்புறம் கேபிள். இது சொல்லாமல் கொல்லும். புதுக் கேபிள் கொஞ்ச நாளில் தளரும், சேறு புகுந்தால் இறுகும். லீவர் முழுக்கத் திறந்த நிலையில் இருக்கும், ஷாக்கில் இருக்கும் வால்வு முக்கால் தூரம்தான் திரும்பியிருக்கும். ஒரு மாதம் இப்படி ஓட்டியிருக்கிறேன். இறக்கத்தில் வண்டி கரடுமுரடாக இருக்கிறதே என்று டயர் காற்றைக் குறைத்தேன், ஷாக் திரும்பி எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்டைத் திருகினேன், ஒன்றும் உதவவில்லை. கண்டுபிடித்துக் கொடுத்தது ஷாக் தண்டில் இருக்கும் ரப்பர் வளையம். திறந்த நிலையில் அதைச் சீல் வரை தள்ளிவிட்டு, தெரிந்த ஒரு இறக்கத்தை ஓட்டி முடித்து, வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வழக்கமாகத் தண்டின் முக்கால்வாசிக்கு வருவது பாதியில் நின்றால், காற்றழுத்தத்தைத் தொடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். சேக் அளப்பதும் முழுக்கத் திறந்த நிலையில்தான். ஷாக் தண்டு 55 மி.மீ. ஓடும் என்றால் 30 சதவீதத்துக்கு வளையம் 16, 17 மி.மீ.யில் நிற்க வேண்டும். நடு நிலையில் அளந்து காற்றைக் குறைத்துவிட்டு, பிறகு திறந்து ஓட்டி அடி வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

கால அட்டவணை இருவருக்கும் பொது. ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம் என்கிறது. மாறாத டிராவல் வண்டி இதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாலும் மன்னிக்கும். லீவர் வண்டி மன்னிப்பதில்லை, உள்ளே சீல்கள் அதிகம்.

இவ்வளவு புலம்பிவிட்டு இன்னும் லீவர் கட்சியிலேயே இருப்பதற்குக் காரணம், என் ஷாக் பொது அளவு. கண்ணுக்குக் கண், அதாவது இரு முனைத் துளைகளுக்கு இடையே, 210 மி.மீ., தண்டு ஓட்டம் 55 மி.மீ. இந்த அளவில் மாறாத டிராவல் ஷாக்குகள் தாராளமாகக் கிடைக்கும். நாளைக்கே என் ஷாக்குக்கு உதிரிபாகம் நின்றுபோனால், லீவரையும் கேபிளையும் கழற்றி வீசிவிட்டு ஒரு சாதாரண ஷாக்கை மாட்டி ஓட்டலாம். வண்டி லீவரை இழக்கும், உயிரை இழக்காது. எல்லா லீவர் வண்டிகளுக்கும் இந்த வாய்ப்பு இல்லை. கேனன்டேலின் 2011 ஜெக்கில் வண்டியில் ஃபாக்ஸ் செய்த டையாட் (DYAD) என்ற ஷாக் வந்தது. 150க்கும் 90க்கும் மாறும், அந்தக் காலத்தில் பிரமிப்பாக இருந்தது. ஆனால் அது அமுங்கி வேலை செய்யும் ஷாக் இல்லை, இழுபட்டு வேலை செய்வது. சட்டமே அதற்காக வடிவமைத்தது. சாதாரண ஷாக்கை அந்த இடத்தில் மாட்ட முடியாது. ஷாக் போனால் நல்ல சட்டம் ஒன்று சுவரில் தொங்கும் பொருளாகிவிடும். அதனால் பழைய லீவர் வண்டி வாங்குபவர் டிராவல் எத்தனை என்று பார்ப்பதற்கு முன் ஷாக்கின் நீளத்தையும் தண்டு ஓட்டத்தையும் அளந்து, அந்த அளவில் வேறு ஷாக் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோர்க் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். ராக்ஷாக்ஸின் பைக் (Pike) போன்ற டூயல் பொசிஷன் ஃபோர்க்குகளில் உள்ளிருக்கும் காற்றுத் தண்டை மாற்றி சாதாரண ஃபோர்க்காக்கிவிடலாம்.

விற்கும்போதும் இதே கேள்விதான் வரும். வாங்க வருபவர் லீவரைத் தட்டிப் பார்த்து மகிழ்வார், பிறகு சர்வீஸ் பற்றிக் கேட்டுத் தயங்குவார். பொது அளவு என்று காட்டினால் தயக்கம் பாதி குறையும். மீதி பாதிக்கு சர்வீஸ் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஷாக் திரும்பி வந்ததும் வால்வு முழுக்கத் திறக்கும் இடத்தில் நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்தேன். ஓட்டத்துக்கு முன் லீவரைத் தட்டிவிட்டு அந்தப் புள்ளியைப் பார்ப்பது இப்போது டயர் காற்றைப் பார்ப்பது போலாகிவிட்டது. வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று நண்பர் என்னுடையதில் ஏறி ஒரு சுற்று போய்விட்டு வந்தார். லீவர் பிடித்திருந்ததா என்று அவர் சொல்லவில்லை. குனிந்து ஷாக்கின் பக்கத்தில் அச்சடித்திருந்த அளவைப் படித்துக்கொண்டிருந்தார்.