க்ரூமியோ, ஹாஸ்கில், பத்து சொனாட்டாக்கள்

பீத்தோவனின் வயலின் சொனாட்டாக்களுக்கு, அதாவது வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் பல பகுதிப் படைப்புகளுக்கு, ஒரே ஒரு முழுத் தொகுப்பு வாங்கினால் போதும் என்பவர்களுக்கு, வயலின் கலைஞர் ஆர்தர் க்ரூமியோவும் பியானோ கலைஞர் கிளாரா ஹாஸ்கிலும் 1956, 1957ஆம் ஆண்டுகளில் பிலிப்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்ததையே தயங்காமல் சொல்வேன். பத்து சொனாட்டாக்கள், மூன்று குறுந்தகடுகள். ஸ்டீரியோ அல்ல, ஒற்றைத் தட மோனோ ஒலிதான், அதைப் பிறகு பார்க்கலாம்.

நான் பியானோ வாசிப்பவள். தேர்வுக்குப் போகும் வயலின் மாணவர்களுக்கு உடன் வாசிப்பது நெடுங்காலமாக என் வேலைகளில் ஒன்று. அதனால் எந்த வயலின் சொனாட்டாவைக் கேட்டாலும் என் காது முதலில் பியானோவைத்தான் தேடும். பல பதிவுகளில் அதற்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது. அட்டையில் வயலின் கலைஞரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், பியானோ கலைஞரின் பெயர் மூலையில் ஒதுங்கியிருக்கும். உள்ளே வாசிப்பும் அதே கணக்கில்தான் அமைந்திருக்கும். ஆனால் பீத்தோவன் இவற்றைப் பியானோவுக்கும் வயலினுக்குமான சொனாட்டாக்கள் என்று, பியானோவை முன்னால் வைத்தே வெளியிட்டார். பியானோவைப் பக்கவாத்தியமாக ஒதுக்கினால் இந்த இசையில் பாதி காணாமல் போய்விடும். ஹாஸ்கில் வாசிக்கும்போது அந்தப் பாதி முழுதாகக் கிடைக்கிறது.

'வசந்தம்' என்று பிற்காலத்தவர் பெயர் வைத்த ஐந்தாவது சொனாட்டாவின் (1801) தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து அளவுகளில் (தாளச் சுற்றுகளில்) மெட்டு வயலினிடம் இருக்கிறது. பதினோராவது அளவில் பியானோ அதை வாங்கிக்கொள்ள, சற்றுமுன் பியானோ வாசித்துக்கொண்டிருந்த துணைச் சுரங்களுக்கு வயலின் இறங்கிவருகிறது. அந்தக் கைமாற்றத்தில் க்ரூமியோ செய்வதைக் கவனிக்க வேண்டும். தன் ஒலியை நன்றாகக் குறைத்துக்கொண்டு, வில்லைத் தந்தியில் லேசாக மட்டும் பதித்து, ஹாஸ்கிலின் வலது கைக்கு முழு இடம் விடுகிறார். ஹாஸ்கிலோ தன் முறை வந்துவிட்டது என்று குரலை உயர்த்துவதில்லை. வயலின் பாடியதன் சாயலிலேயே, ஆனால் இன்னும் தெளிவான உச்சரிப்போடு பாடுகிறார். என் மாணவர்களை இந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்கிறேன். அதே சொனாட்டாவின் ஸ்கெர்ட்ஸோ என்னும் துள்ளலான பகுதியில் வயலின் வேண்டுமென்றே ஒரு தட்டு பிந்தி ஓடும். பலர் அந்த வேடிக்கையை அழுத்திக் காட்டிக் கெடுத்துவிடுவார்கள். இவர்கள் தாளத்தை நூல் பிசகாமல் பிடித்துக்கொண்டே போவதால் வேடிக்கை தானாக வெளிப்படுகிறது.

க்ரூமியோ பியானோவும் தேர்ந்தவர். பிராம்ஸின் இரண்டாம் வயலின் சொனாட்டாவில் இரு வாத்தியங்களையும் தானே வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்தவர். ஹாஸ்கில் இளமையில் வயலினும் கற்றவர். எதிரில் இருப்பவரின் விரலுக்கும் வில்லுக்கும் எவ்வளவு நேரம் வேண்டும் என்பது இருவருக்கும் உடம்பில் ஊறியிருக்கிறது.

இந்தத் தொகுப்பின் சிகரம் என்று நான் மதிப்பது ஏழாவது சொனாட்டா, சி மைனர். எழுதிய ஆண்டு 1802. தன் செவித்திறன் தேறாது என்று உணர்ந்த பீத்தோவன் வியன்னாவை அடுத்த ஹைலிகன்ஸ்டாட்டில் தன் சகோதரர்களுக்கு வேதனையைக் கொட்டிக் கடிதம் எழுதிய அதே ஆண்டு. பியானோ தனியாக, மிகத் தணிந்த ஒலியில் தொடங்குகிறது: ஒரு நீண்ட சுரம், அதன் வாலில் சட்டென்று புரளும் சில சுரங்கள், பிறகு இடைவெளி. முதல் சுரத்திலேயே புயலைக் கிளப்பிவிடும் பியானோ கலைஞர்கள் உண்டு. ஹாஸ்கில் அந்த இடைவெளியை முழு அளவுக்கு நீளவிடுகிறார். வயலின் அதே வாக்கியத்தை ஏற்றுக்கொண்டு, பியானோவின் இடது கை அடியில் உறுமத் தொடங்கும்போது உண்மையிலேயே மயிர்க்கூச்செறிகிறது.

ஒன்பதாவதான 'க்ராய்ட்ஸர்' விஷயத்தில் எனக்கு முழு நிறைவு இல்லை. 1803இல் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் என்ற வயலின் கலைஞருக்காகப் பீத்தோவன் எழுதி, அவரோடு மனக்கசப்பு வந்த பிறகு ரொடோல்ஃப் க்ராய்ட்ஸர் என்ற இன்னொரு வயலின் கலைஞருக்குக் காணிக்கையாக்கிய படைப்பு இது. கிட்டத்தட்ட ஒரு கான்செர்ட்டோ (தனி வாத்தியத்துக்கும் இசைக்குழுவுக்குமான பெரிய படைப்பு) போல என்று அதன் தலைப்புப் பக்கமே சொல்கிறது. அதற்கு வேண்டிய மூர்க்கம் முதல் பகுதியில் இந்த ஜோடியிடம் குறைவு. அந்த வேகத்துக்கும் கனத்துக்கும் வயலினில் டேவிட் ஒய்ஸ்த்ராக்கும் பியானோவில் லெவ் ஒபோரினும் 1962இல் செய்த பதிவைத் தேடிப் போகிறேன். நடுப் பகுதியில் ஒரே மெட்டு விதவிதமாக மாறி வரும் மாறுபாடுகளை மட்டும் க்ரூமியோவும் ஹாஸ்கிலும் வாசித்துக் கேட்பதே எனக்குப் பிடிக்கும்.

ஒலிக்கு வருகிறேன். பியானோவின் கீழ்ஸ்தாயி கொஞ்சம் வறண்டிருக்கிறது, உரத்த இடங்களில் வயலின் முன்னால் வந்து நிற்கிறது. ஹெட்போனில் இந்தக் குறை பெரிதாகத் தெரியும். அறையில் ஸ்பீக்கரில், மிதமான சத்தத்தில் கேட்டால் சில நிமிடங்களில் காது பழகிவிடும்.

புதிதாகக் கேட்பவர்கள் வரிசையாகப் போக வேண்டியதில்லை. ஐந்து, ஏழு, பிறகு நேராகப் பத்து. 1812இல் எழுதிய அந்தக் கடைசி சொனாட்டா வயலினின் சிறு ட்ரில்லோடு, அதாவது அடுத்தடுத்த இரு சுரங்கள் வேகமாக மாறி மாறி ஒலிக்கும் அசைவோடு, தொடங்குகிறது. பியானோ அதையே திருப்பிச் சொல்கிறது. இருவரும் அதை எப்படி அசைக்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள், இம்மியும் பிசகாது.

1960 டிசம்பரில், க்ரூமியோவுடன் கச்சேரி செய்ய பிரஸ்ஸல்ஸ் வந்திறங்கிய ஹாஸ்கில் ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்து இறந்துபோனார். ஆகவே இந்த ஜோடியிடமிருந்து நமக்குக் கிடைத்தவை இந்தப் பத்தும், மொஸார்ட்டின் சில சொனாட்டாக்களும்தான். இத்தொகுப்பு பிடித்துவிட்டால் அடுத்து அந்த மொஸார்ட்டை வாங்குங்கள், முக்கியமாக ஈ மைனர் சொனாட்டா இருக்கும் தட்டை.