மூன்று வருடமாகக் கையில் இருக்கும் ஒரு எட்டு அங்குல டேப்

இந்த ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டது. வாங்கிய முதல் வாரத்தில் எழுத உட்கார்ந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அப்போது எல்லாமே நன்றாகத்தான் இருந்தது. விலை குறைந்த டேப்களில் முதல் ஒரு மாதம் எந்தக் குறையும் தெரியாது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. அந்த மாடல் இப்போது விற்பனையில் இல்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி அதே ரகத்தில் வரும் மற்ற டேப்களுக்கும் பொருந்தும். எட்டு அங்குலத் திரை, 1280-க்கு 800 பிக்சல், 3 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ், 5000 எம்ஏஎச் பேட்டரி, வைஃபை மட்டும். ஜாதகம் அவ்வளவுதான்.

இதற்கு முன் பத்து அங்குல டேப் ஒன்று வைத்திருந்தேன். நான் படுத்துக்கொண்டு படிக்கிற ஆள். பத்து அங்குல டேப் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது அது ஒரு கனமே இல்லை. படுத்த நிலையில் முகத்துக்கு மேலே இருபது நிமிடம் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒருநாள் அரைத் தூக்கத்தில் கை தளர்ந்து நேராக மூக்கின் மேல் விழுந்தது. அன்றோடு அது மேசைக்குப் போய், ஸ்டாண்டில் ஏறி, ஒரு சின்ன டிவியாகிவிட்டது. அதனால் இந்த முறை எனக்கு இருந்தது ஒரே நிபந்தனை: ஒற்றைக் கையால் பிடிக்க முடிய வேண்டும்.

எட்டு அங்குல டேப்கள் 300 முதல் 370 கிராமுக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் நான் செய்த தப்பு, கூடவே ஒரு மடக்கு கவரும் வாங்கியது. வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தால் கவர் மட்டும் 170 கிராம்! பாதி டேப்பின் எடையை நானே காசு கொடுத்து ஏற்றியிருக்கிறேன். ஒரு மாதத்தில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு முதுகுக்கு மட்டும் மெல்லிய சிலிக்கோன் கவர் போட்டேன். அதற்கப்புறம்தான் இது நான் நினைத்த டேப் ஆனது.

அடுத்தது திரை. கூகுள் 2012-இல் வெளியிட்ட நெக்ஸஸ் 7 டேப்பின் திரையும் இதே 1280-க்கு 800 தான். அது ஏழு அங்குலம், ஆக அங்குலத்துக்கு 216 பிக்சல். அதே பிக்சல்களை எட்டு அங்குலத்தில் பரப்பினால் 189 ஆகிவிடுகிறது. பத்து வருடம் கழித்து வந்த டேப்பில் எழுத்து அதைவிடக் கொஞ்சம் மங்கல். படம் பார்க்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது. ஆங்கில எழுத்திலும் பெரிதாக உறுத்தாது. தமிழில் தெரியும். சின்ன எழுத்தில் ண-வும் ன-வும் சுழி கலங்கி ஒன்று போலத் தெரியும், புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் எனக்குத்தான் கண்ணாடி பவர் ஏறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். டேப் வாங்கப் போகிறவர்கள் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ வீடியோவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பிரவுசரைத் திறந்து ஒரு தமிழ்க் கட்டுரையை எடுத்து, வழக்கமாகப் படிக்கும் அளவில் வைத்து ஒரு பத்தி படித்துப் பாருங்கள்.

மின்னூல் என்றால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அதில் சிக்கல் இல்லை. ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. நம் சொற்கள் நீளமானவை. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொற்கள்தான் பிடிக்கும். இரு ஓரமும் சமமாக வர வேண்டும் என்று ஆப் முயலும்போது சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விழும். கண் அதில் தடுக்கித் தடுக்கிப் போகும். இடது பக்கம் மட்டும் ஒழுங்காக வரும்படி மாற்றியதும் வாசிப்பு சீரானது. இது தெரியாமலேயே இரண்டு நாவல் படித்து முடித்திருந்தேன்.

பிடிஎஃப் வேறு கதை. எட்டு அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் சுமார் 108 மில்லிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 210. அதாவது பக்கம் பாதியாகச் சுருங்கும். 12 பாயின்ட் அளவு எழுத்து 6 பாயின்ட் ஆகிவிடும். அலுவலகக் கோப்போ, பாடக் குறிப்போ, எல்லாம் ஏ4 தான். படுக்கவைத்துப் பிடித்தால் 172 மில்லிமீட்டர் கிடைக்கும், படிக்கலாம், ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று முறை தள்ள வேண்டும். தினமும் ஏ4 பிடிஎஃப் படிப்பவர்கள் எட்டு அங்குலத்தை மறந்துவிடுவது நல்லது. ஆனால் ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களில் எனக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. டெமி அளவுப் புத்தகத்தின் பக்க அகலம் சுமார் 140 மில்லிமீட்டர். பிடிஎஃப் ஆப்பில் ஓரத்து வெள்ளையை வெட்டிவிடும் வசதியைப் போட்டால் மிஞ்சுவது 110 சொச்சம். திரையும் அதே அகலம்தான்! அச்சில் இருந்த அளவிலேயே எழுத்து வந்து நிற்கிறது. இந்த டேப்பில் நான் படித்ததில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஸ்கேன் புத்தகங்கள்தான்.

அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. "இதுலேயே எழுத்தை இன்னும் பெருசாக்கிக் குடுப்பா" என்பார். ஸ்கேன் பக்கம் வெறும் படம், அதில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது என்று விளக்கிப் பார்த்தேன். "அப்ப போன்ல மட்டும் எப்படிப் பெருசாகுது?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். இப்போது அவர் டேப்பைப் படுக்கவைத்து, அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் படிக்கிறார். என்னைவிட வேகமாகத் தள்ளுகிறார்.

சரி, இந்த டேப்பில் நான் உண்மையிலேயே வருத்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். 32 ஜிபி.

வாங்கும்போது, "புத்தகமும் பாட்டும்தானே, அது மெமரி கார்டுக்குப் போய்விடும், 32 போதும்" என்று கணக்குப் போட்டேன். பெட்டியைப் பிரித்த அன்றே 14 ஜிபி போய்விட்டிருந்தது, சிஸ்டமும் கூடவே வந்த ஆப்களும். மீதி 18. அதில் ஆப்கள், அவை நாளாக நாளாகச் சேர்க்கும் தரவு, டவுன்லோடு என்று ஒன்றரை வருடத்தில் 2 ஜிபிக்குக் கீழே வந்து நின்றது. அப்போதுதான் டேப் இழுக்க ஆரம்பித்தது. கீபோர்டு வர இரண்டு வினாடி, பக்கம் திருப்ப ஒரு வினாடி. பிராசஸர் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். சிப் வாங்கிய அன்று இருந்த அதே சிப்தான், அது கிழடாகவில்லை. ஃபிளாஷ் மெமரியில் பழைய தரவின் மேல் நேரடியாக எழுத முடியாது. ஒரு பகுதியை அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும். காலி இடம் தாராளமாக இருந்தால் இந்த வேலை பின்னணியில் நடந்துவிடும். இடமே இல்லாதபோது ஒவ்வொரு முறையும் நம் கண்முன்னே நடக்கும். அதோடு, மலிவு டேப்களில் பெரும்பாலும் இருப்பது இஎம்எம்சி வகை மெமரி. அது ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் செய்யாது. பிளே ஸ்டோர் பின்னணியில் ஏதாவது அப்டேட் செய்தால் முன்னால் படித்துக்கொண்டிருப்பவன் காத்திருக்க வேண்டியதுதான். யூஎஃப்எஸ் வகையில் இரண்டும் சேர்ந்து நடக்கும். பெட்டியின் மேல் பிராசஸர் பெயரைப் பெரிதாகப் போடுவார்கள், இது எந்த வகை மெமரி என்பதைப் பொடி எழுத்தில்கூடப் பல நேரம் போடுவதில்லை.

மெமரி கார்டு எதற்கும் உதவவில்லையா என்றால், உதவியது, நான் நினைத்த அளவுக்கு இல்லை. புத்தகம், பாட்டு, படம் கார்டில் இருக்கலாம். கார்டை உள் ஸ்டோரேஜ் போலவே சேர்த்துக்கொண்டு ஆப்களை அதில் வைக்கும் வசதி ஆண்ட்ராய்டு 6 காலத்தில், 2015-இல் வந்தது. ஆனால் பல கம்பெனிகள் அதை மூடி வைத்திருக்கின்றன. என்னுடையதிலும் மூடியிருக்கிறது. இன்னொரு ஏமாற்று, செட்டிங்கில் இருக்கும் 'கூடுதல் ரேம்'. 3 ஜிபி ரேமை 5 ஜிபியாகக் காட்டும். அந்தக் கூடுதல் 2 ஜிபியை எடுப்பது ஏற்கெனவே திணறும் அதே ஸ்டோரேஜிலிருந்துதான். அணைத்து வைத்ததும் கொஞ்சம் மூச்சு விட்டது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஃபேக்டரி ரீசெட் செய்தேன். திரும்பப் போட்டது மொத்தம் ஒன்பது ஆப். சமூக ஊடகம் ஒன்றுகூட இல்லை. அதை விட்டுவிட வேண்டும் என்று எடுத்த முடிவில்லை, இடத்துக்காக எடுத்தது. விளைவு என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது: டேப்பைக் கையில் எடுத்தால் படிக்கிறேன்.

பேட்டரியில் குறை சொல்ல முடியாது, குறை என்னுடையது. முதல் வருடம் இரவு முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்தது. லித்தியம் பேட்டரி நிரம்பிய நிலையிலும் சூட்டிலும் நெடுநேரம் இருந்தால் சீக்கிரம் தேயும். பாதி வெளிச்சத்தில் ஒன்பது மணி நேரம் வந்தது, இப்போது ஆறு வருகிறது. சார்ஜ் ஏற மூன்று மணி நேரம் ஆகும். பெரிய சார்ஜர் போட்டாலும் அதே மூன்று மணி நேரம்தான், டேப் எடுத்துக்கொள்வது 10 வாட் என்றால் அவ்வளவுதான் எடுக்கும். என்னுடையதில் மைக்ரோ யூஎஸ்பி. இரண்டாம் வருடமே துளை லூசாகி, ஒயரை ஒரு கோணத்தில் முட்டுக்கொடுத்து வைத்தால்தான் ஏறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பரிலிருந்து டேப்களுக்கும் டைப்-சி கட்டாயமாகிவிட்டதால் புதிதாக வாங்குபவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. பழைய டேப் வாங்குகிறவர்கள் துளையை ஆட்டிப் பார்க்கவும். பேட்டரி வீங்கி முதுகு லேசாக உப்பியிருக்கிறதா என்றும் பார்க்கவும், உப்பியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வெளிச்ச சென்சார் கிடையாது என்பதை வாங்கியபின்தான் கண்டுபிடித்தேன். இரவில் எடுத்தால் கண்ணைக் கூசும், பகலில் எடுத்தால் இருட்டு. ஆண்ட்ராய்டு 12-இல் வந்த, திரையை வழக்கத்தைவிட மங்கலாக்கும் வசதி இல்லாவிட்டால் படுக்கையில் படித்திருக்கவே முடியாது. ஜிபிஎஸ் இல்லை, வைஃபை மாடல்கள் பலவற்றில் இருக்காது. கேமரா, வீடியோ காலில் முகம் தெரியும். ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, படுக்கவைத்துப் பிடித்தால் நம் உள்ளங்கைதான் அதை அடைத்துக்கொண்டிருக்கும். படம் பார்ப்பவர்கள் வைட்வைன் எல்1 (படத்தைத் திருட்டு நகல் எடுக்க விடாத பூட்டின் உயர்ந்த நிலை) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்3 என்றால் சந்தா ஓடிடி ஆப்களில் பெரும்பாலும் 480 அளவுக்கு மேல் தெளிவு வராது, திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

ஆண்ட்ராய்டு பெரிய அப்டேட் ஒரே ஒரு முறை வந்தது. பாதுகாப்பு அப்டேட்டும் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டது. அதனால் வங்கி ஆப் எதையும் இதில் வைப்பதில்லை.

போன மாதம் அக்கா மகளுக்கு ஒரு டேப் பார்க்கச் சொன்னார்கள். அவளும் எட்டு அங்குலம்தான் கேட்டாள். நான் தேடியது 64 ஜிபிக்குக் குறையாமல், 4 ஜிபி ரேம், டைப்-சி. முடிந்தால் 128. பிராசஸர் பெயரை நான் கேட்கவே இல்லை என்று கடைக்காரருக்கு ஆச்சரியம். டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளிடம் டேப்பைக் கொடுத்து, ஒற்றைக் கையில் பிடித்து ஒரு பக்கம் படி என்றேன். "இங்கேயா மாமா?" என்று சங்கடப்பட்டாள். படித்தாள். கட்டைவிரல் ஓரத்தில் இயல்பாக உட்கார்ந்தது, எடுத்துக்கொண்டோம். மடக்கு கவர் வேண்டும் என்று அடம்பிடித்தாள், வாங்கிக் கொடுத்தாயிற்று.

என்னுடையதில் இப்போது 11 ஜிபி காலியாக இருக்கிறது. ஒயருக்கு முட்டுக்கொடுக்க ஒரு பழைய டைரி.