லைன் போனால் என்ன ஆகும்? ஜாவா ஃபிரேம்வொர்க்குகளோடு என் 14 ஆண்டுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை எடை, ஆள் வருகை, ஊழியர் சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) பிடித்தம், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு, அவ்வளவுதான். 2011-ல் தொடங்கியது, முழுக்க ஜாவா நிரல்மொழி. எந்த வெப் ஃபிரேம்வொர்க் (வலைப்பக்க மென்பொருள் கட்டத் தயாராகக் கிடைக்கும் சட்டகம்) நல்லது என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் கொஞ்சம் கோபம் வரும், ஏனென்றால் அதற்குப் பதில் தேடியே பல மாதங்களை இழந்தவன் நான்.

முதலில் எடுத்த ஃபிரேம்வொர்க் ஸ்ட்ரட்ஸ் 1. எனக்குத் தெரிந்தது அதுதான். ஒரு பக்கம் சேர்க்க மூன்று கோப்புகளைத் தொட வேண்டும் என்றாலும் வேலை ஓடியது. 2013-ல் அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். சரி, மாற்றித்தான் ஆகவேண்டும்.

ஜேஎஸ்எஃப் (ஜாவாசர்வர் ஃபேசஸ்) என்ற ஃபிரேம்வொர்க்குக்குப் போனேன். நிறுவன மென்பொருளுக்கான ஜாவா ஈஈ தரத்திலேயே இருக்கிறது, நாளைக்குக் காணாமல் போகாது என்ற நம்பிக்கை. அட்டவணை, தேதிப்பெட்டி எல்லாம் தயாராகக் கிடைத்தன, என் மேசையில் அழகாக ஓடியது. தோட்ட ஆபீசில் வைத்த இரண்டாம் வாரமே கிராணி (தோட்டக் கணக்கர்) போன் செய்தார். "தம்பி, காலையிலிருந்து அடிச்சதெல்லாம் காணோம்பா." மழை பெய்தால் அங்கே இணைய லைன் போய்விடும், திரும்ப வர முக்கால் மணி நேரம் ஆகும். ஜேஎஸ்எஃப் ஒவ்வொரு பக்கத்தின் நிலையையும் சர்வரில் செஷனுக்குள், அதாவது ஒரு பயனருக்கான தற்காலிக நினைவில், வைத்திருக்கிறது (நான் அப்படித்தான் அமைத்திருந்தேன்), அதை ஓட்டும் டாம்கேட் சர்வரில் செஷன் ஆயுள் வழக்கமாக 30 நிமிடம். அது தாண்டியபின் சேமி பட்டனை அழுத்தினால் வியூ எக்ஸ்பையர்ட் என்று ஒரு பிழை, அறுபது பேர் வெட்டிய குலைகளின் எடைக் கணக்கு போயிற்று. செஷன் நேரத்தைக் கூட்டினேன், நிலையை பிரௌசருக்கே அனுப்பிப் பார்த்தேன், பக்கம் கனத்து அந்த மெதுவான லைனில் திறக்கவே நேரமானது. அறுபது பேரின் கூலி அது. அந்த மாதம் கிராணி அண்ணன் கைப்பட எழுதிய நோட்டை வைத்துத்தான் சம்பளம் போட்டோம். ஜேஎஸ்எஃப் மோசம் என்று நான் சொல்லவில்லை, லைன் அறுந்துபோகாத இடத்தில் அது நன்றாகவே ஓடும்.

2015-ல் ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வொர்க்குக்கு மாறினேன். டாம்கேட் உள்ளேயே இருக்கும், ஒரே ஜார் கோப்பு, கொண்டுபோய் வைத்து ஓட்டினால் போதும். பக்கங்களைச் சாதாரண எச்டிஎம்எல்லாக வைத்தேன், அடித்ததைச் சேமிக்கும்வரை பிரௌசரிலேயே வைத்துக்கொள்ளச் செய்தேன். அழிந்துபோச்சு என்ற போன் அதற்கப்புறம் வரவில்லை.

ஆனால் பெரிய தலைவலி மாட்யூல் விஷயம், அதாவது நிரலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது. ஒரு தோட்டத்தில் டன் கணக்கு, இன்னொன்றில் குலை எண்ணிக்கை, இதற்கிடையில் குறைந்தபட்சச் சம்பளம் வேறு மாறிக்கொண்டே இருக்கும். தீபகற்ப மலேசியாவில் 2013-ல் 900 வெள்ளி (ரிங்கிட்), 2016 ஜூலையில் 1,000, 2019-ல் 1,100, 2020-ல் மாநகர, நகராட்சிப் பகுதிகளுக்கு மட்டும் 1,200. ஆகவே சம்பள விதியைத் தனியாகப் பிரித்து, மற்றதை நிறுத்தாமல் மாற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு ஓஎஸ்ஜிஐ என்ற மாட்யூல் முறைதான் வழி என்று 2016-ல் இறங்கினேன். அதில் ஒரு மாட்யூலுக்குப் பெயர் பண்டில். ஒவ்வொரு பண்டிலுக்கும் தனி கிளாஸ் லோடர் (நிரல் துண்டுகளான கிளாஸ்களை ஏற்றுவது), எந்தப் பேக்கேஜ் (கிளாஸ்களின் தொகுப்பு) வேண்டும், எது வெளியே தெரியும் என்று மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் எழுத வேண்டும். கருத்தளவில் மிக நேர்த்தியானது. நடப்பில், நான் எடுத்த லைப்ரரிகளில் (பிறர் எழுதித் தந்த நிரல்களில்) பாதிக்கு அந்த விவரமே இல்லை, நானே பிஎன்டி கருவியால் சுற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. தரவுத்தளத்தோடு பேசும் ஹைபர்னேட் லைப்ரரி வேறொரு பண்டிலில் உள்ள கிளாஸைத் தேடும், கிடைக்காது. கம்பைல் ஆகும், ஓடும்போதுதான் விழும். நான்கு மாதம் அதற்கே போனது, சம்பள விதியில் ஒரு வரிகூட எழுதவில்லை.

2017 செப்டம்பரில் ஜாவா 9, தனக்கென்று ஒரு மாட்யூல் முறையோடு வந்தபோது மறுபடி நம்பிக்கை. ஆனால் ஒரே பேக்கேஜ் இரண்டு மாட்யூலில் இருந்தால் அது ஏற்காது, பழைய லைப்ரரிகளில் அது சர்வசாதாரணம். ஸ்பிரிங்கும் ஹைபர்னேட்டும் ரிஃப்ளெக்‌ஷனால் (ஓடும்போதே மற்ற கிளாஸ்களை ஆராயும் வசதி) உள்ளே பார்ப்பதால் பேக்கேஜ்களைத் திறந்துவிடவும் வேண்டும். கடைசியில் எதை மூடினேன் என்றே தெரியவில்லை.

இப்போது இருப்பது சாதாரண ஏற்பாடு. மேவன் என்ற தொகுப்புக் கருவியில் ஆறு மாட்யூல், எது எதைத் தொடக்கூடாது என்று ஆர்க்யூனிட் என்ற சோதனை லைப்ரரியில் சில சோதனைகள். வரம்பு மீறினால் பில்ட் (நிரலைத் தொகுப்பது) அங்கேயே நின்றுவிடும். ஓடும்போதே மாற்றும் வசதி இல்லை, இரவு ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனபோது ஒரே மாட்யூலில் அரை நாள் வேலை.

ஸ்பிரிங் பூட் 3 என்னைப் படுத்தியதையும் சொல்லவேண்டும். ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா ஆகிவிட்டன, ஜாவா 17 கட்டாயம். என் குறியீட்டை ஒரு நாளில் மாற்றிவிட்டேன், பழைய அறிக்கை லைப்ரரி ஒன்றுக்குப் புதிய பதிப்பே இல்லாததால் சம்பளச் சீட்டு அச்சடிப்பதை மூன்று வாரம் திரும்ப எழுதினேன். குவார்க்கஸ் என்ற இன்னொரு ஜாவா ஃபிரேம்வொர்க்கும் பார்த்தேன், மாற்றியதும் உடனே திரையில் தெரிவது அருமை, ஆனால் நேட்டிவ் பில்ட் (ஜாவா இல்லாமலே ஓடும் கோப்பாகத் தொகுப்பது) என் 8 ஜிபி மடிக்கணினியைத் திணறடித்தது.

இனி எதைப் பார்த்தாலும் முதல் நாளே இரண்டு சோதனை செய்வேன். படிவத்தைப் பாதி நிரப்பி, மோடத்தை அணைத்து, நாற்பது நிமிடம் கழித்துப் போட்டு, சேமி பட்டனை அழுத்துவேன். அப்புறம் அதன் பழைய பதிப்பில் ஒரு சின்னப் பக்கம் செய்து, புதிய பதிப்புக்கு ஏற்றிப் பார்ப்பேன். மாதிரிப் பக்கங்கள் எவ்வளவு அழகு என்பதை அதற்குப் பிறகுதான் திறந்து பார்ப்பேன்.