'வின்டேஜ் ரெப்ளிகா' டியூப் ஆம்ப் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வட சென்னைப் பக்கம் கிடார் வாசிக்கிறவர்கள், சர்ச் கொயர் நடத்துகிறவர்கள், காலேஜ் பேண்ட் வைத்திருக்கிற பிள்ளைகள் எல்லாரும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். '1957 ஃபெண்டர் டீலக்ஸ் சர்க்யூட், முழுக்கக் கையால் ஒயரிங் செய்தது, நம்ம ஊர் கரண்ட்டுக்கு மாடிஃபை செய்தது' என்று சொல்லி ஒரு கிடார் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயரை) 48,000 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். உள்ளே இருந்தது வேறு. பணம் போனதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெட்டி என் அக்கா பெண்ணுக்கு ஷாக் அடித்தது. அதை என்னால் விட முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டியூப் என்பது பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடி வால்வுதான். டீலக்ஸ் என்ற ஆம்ப்பின் அந்த வடிவத்தை அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி 1950களின் நடுவில் கொண்டுவந்தது. கிடார்காரர்கள் 5இ3 என்று சர்க்யூட் நம்பரைச் சொல்லியே பேசுவார்கள். இரண்டு 6வி6 பவர் டியூப், முன்னால் ஒரு 12ஏஒய்7, ஒரு 12ஏஎக்ஸ்7, ஏசியை டிசி ஆக்க ஒரு 5ஒய்3 ரெக்டிஃபயர் டியூப், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். மொத்தமே 12 முதல் 15 வாட்தான். வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினால் சத்தம் அவ்வளவாக ஏறாது. நாதம் தடித்து, லேசாக உடைய ஆரம்பிக்கும். மெதுவாகத் தொட்டால் தெளிவாகப் பேசும், அழுத்தி அடித்தால் கரகரக்கும். பெடல் (காலால் அழுத்தி நாதத்தை மாற்றும் சின்னப் பெட்டி) போட்டும் அதைக் கொண்டுவரலாம்தான், ஆனால் விரலுக்குக் கீழேயே அது நடப்பது தனி சுகம். ஒரிஜினல் நம்மால் தொட முடியாத விலை. அதனால் ரெப்ளிகா, அதாவது அதே மாதிரி புதிதாகக் கட்டியது, தேடினேன்.

கடை ஜார்ஜ் டவுனுக்கு வடக்கே ஒரு சந்தில், மாடியில் இருந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆம்ப்பைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வைக்கோல் நிறத்தில் ட்வீட் துணி, மேலே பழுப்பேறிய வார்னிஷ், தோல் கைப்பிடி, மூலைகளில் வருஷக்கணக்கில் தேய்ந்தது போன்ற தேய்ப்பு. பின்னால் எட்டிப் பார்த்தால் டியூப்கள் வரிசையாக எரிகின்றன. "கீழ் வீட்ல குழந்தை தூங்குது ப்ரோ" என்று சொல்லி வால்யூமைக் குறைவாகவே வைத்து, நடுவில் ஒரு பெடலையும் போட்டு வாசிக்கக் கொடுத்தார் கடைக்காரர். பெடலின் சத்தம் நன்றாகவே இருந்தது.

பின் பலகையைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். "ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி போயிடும் ப்ரோ" என்றார். அதற்குப் பதிலாகப் போனில் ஒரு படம் காட்டினார். போர்டில் பாகங்கள் எல்லாம் ஒழுங்காக வரிசை கட்டி நின்றன, ஒயர்கள் அவ்வளவு நேர்த்தி. இந்த ஆம்ப்பின் உள்பக்கம்தான் இது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அது வேறு யாரோ கட்டிய ஆம்ப்பின் படம் என்பது பிற்பாடு தெரிந்தது. 'பழைய ஸ்டாக் முல்லார்ட் டியூப்' (முல்லார்ட் ஒரு பழைய பிரிட்டிஷ் கம்பெனி) போட்டிருப்பதாக விலையில் 6,000 தனியாகச் சேர்த்திருந்தார். பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி நம்பர் இல்லாத எஸ்டிமேட் சீட்டுதான் கிடைத்தது. பணத்தை நான் ஜிபேயில் அனுப்பியிருந்ததும், 'கையால் ஒயரிங்', '12 வாட்' என்றெல்லாம் அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்ததும் இப்போது கைகொடுக்கின்றன.

முதல் சந்தேகம் பெரம்பூரில் கொயர் பிராக்டீஸில் வந்தது. டிரம்ஸ் ஆரம்பித்ததும் கிடார் காணாமல் போய்விட்டது. நல்ல 12 வாட் டியூப் ஆம்ப் ஒரு சின்ன ஹாலில் டிரம்ஸோடு ஓரளவு ஈடு கொடுக்கும். இதை எவ்வளவு திருப்பினாலும் நசுங்கிய சத்தம்தான் வந்தது, அடிநாதமே இல்லை. வாசிக்காமல் இருக்கும்போது 'ம்ம்ம்' என்று ஹம் வேறு. கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "டியூப் ஆம்ப்னா அப்படித்தான் ப்ரோ, அதான் வின்டேஜ் கேரக்டர்" என்று பதில் வந்தது. எந்தக் குறையைச் சொன்னாலும் அதே பதில்தான்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். என் அக்கா பெண் கிடாரை மாட்டிக்கொண்டு பாடப் போனாள். இடது கை கம்பிகளின் மேல் இருக்கிறது, உதடு மைக்கைத் தொட்டது. தலையைப் பின்னால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "மாமா, மைக் வாயில ஷாக் அடிக்குது!" என்று கத்தினாள். மைக்கில் கோளாறு இல்லை. மைக்கின் உடம்பு மிக்சர் வழியாக எர்த்தில் இருந்தது. கிடார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்பின் சேசிஸோடு (உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தோடு) சேர்ந்திருந்தன. அந்தச் சேசிஸில் கரண்ட். நடுவில் பாலமாக நின்றவள் அவள். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனையைக் கிடார் கம்பியிலும் இன்னொன்றை மைக்கிலும் வைத்தேன். 150 வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. உடனே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

புளியந்தோப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். மைக் செட்டுகளில் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஓடிய காலத்திலிருந்து இந்த வேலை பார்க்கிறவர். அவரிடம் கொண்டுபோனேன். ஸ்டிக்கரோடு இருக்கும் நிலையிலிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றுவதுவரை போனில் வீடியோ எடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அவர் எதையும் தொடுமுன் ஒரு ரெசிஸ்டரில் கிளிப் மாட்டிப் பெரிய கண்டென்சர்களில் இருந்த சார்ஜை வடிய விட்டார். "ஸ்விட்ச ஆஃப் பண்ணா ஆச்சுன்னு நெனைக்காதப்பா. முன்னூறு, நானூறு வோல்ட்டு உள்ளயே உக்காந்துனு இருக்கும்."

உள்ளே கையால் செய்த ஒயரிங் எதுவும் இல்லை. ஒரு மலிவான பிரிண்டட் போர்டு இருந்தது. சேசிஸைக் கவிழ்த்து, இரண்டாவது 6வி6 சாக்கெட்டைப் பேனா டார்ச் அடித்துக் காட்டினார். 2, 7 ஆகிய கால்களுக்கு ஒயர் வந்திருக்கிறது. அது டியூபை எரிய வைக்கும் ஹீட்டர் லைன். 3ஆம் கால் பிளேட், 5ஆம் கால் கிரிட். சத்தம் உள்ளே வந்து வெளியே போகிற கால்கள் இவைதான். அவற்றில் ஒயரும் இல்லை, ஈயம் பட்ட அடையாளமும் இல்லை. கால்கள் பளபளவென்று அப்படியே இருந்தன. "இந்த வால்வு சும்மா எரியுதுப்பா, வேலை செய்யல" என்றார். ஆக, இது ஒற்றை 6வி6 வைத்த, சுமார் 5 வாட் பிராக்டீஸ் ஆம்ப். அதற்கு 12 வாட் வேஷம் போட்டிருக்கிறார்கள்.

ரெக்டிஃபயர் டியூபும் அதே கதை. 5ஒய்3 எரிகிறது, ஆனால் சாக்கெட்டுக்கு அடியில் ஸ்லீவ் போட்டு மறைத்த 1என்4007 டயோடுகள்தான் வேலையைச் செய்கின்றன. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 5ஒய்3 தன் வழியாகப் போகும் வோல்ட்டேஜை நன்றாகவே குறைத்துக் கொடுக்கும். டயோடு அப்படிக் குறைக்காது. அதனால் பாவம் அந்த ஒற்றை 6வி6, தாங்க வேண்டியதைவிட அதிக வோல்ட்டேஜில் வெந்துகொண்டிருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் அதன் பிளேட்டின் ஓரம் மங்கலாகச் சிவந்திருந்தது. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கியது போல உள்ளங்கைக்குள் அடங்குகிற சைஸ். அடிநாதம் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். முல்லார்ட் என்று எழுதியிருந்த டியூபில் எழுத்து புத்தம் புதிதாக இருந்தது. அசல் முல்லார்ட்டில் கண்ணாடியின் அடிப்பக்கம் பொறித்திருக்கும் சின்னக் கோட் இதில் இல்லவே இல்லை.

எர்த்துக்கு வருவோம். வெளியே பார்த்தால் மூன்று பின் ப்ளக். பிரித்தால் கேபிளில் இரண்டே ஒயர். பெரிய எர்த் பின் சும்மா நிற்கிறது. போதாக்குறைக்கு, கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரிலிருந்து சேசிஸுக்கு ஒரு 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சரைப் போட்டிருக்கிறார்கள். 50, 60களில் வந்த பல அமெரிக்க ஆம்ப்புகளில் இப்படி ஒன்று உண்டு. அப்போது அங்கே இரண்டு பின் ப்ளக், சுமார் 120 வோல்ட். ஹம்மைக் குறைக்க வைத்தார்கள். அதற்கு அங்கேயே 'டெத் கேப்' (உயிர் வாங்கும் கண்டென்சர்) என்று பெயர் வந்துவிட்டது. பழைய ஆம்ப்பை ரிப்பேர் செய்கிறவர்கள் முதல் வேலையாக அதை வெட்டி எறிந்துவிட்டு மூன்றாவது எர்த் ஒயரைப் போடுவார்கள். நம் 230 வோல்ட்டில் அந்தக் கண்டென்சர் வழியாகச் சுமார் மூன்றரை மில்லி ஆம்பியர் கசியும். உதட்டில் பட்டால் சுரீர் என்று பிடிக்கும். கண்டென்சர் ஷார்ட் ஆகிவிட்டால் சேசிஸில் முழு 230 வோல்ட்டும் நிற்கும், ஆளையே கொன்றுவிடும். எர்த் சரியாக இருந்தால் ஃப்யூஸ் போகும், அவ்வளவுதான். இதில் எர்த்தே இல்லை. ராயபுரம், வண்ணாரப்பேட்டை போன்ற இடங்களில் பழைய வீடுகள் பலவற்றில் சுவர் சாக்கெட்டிலும் எர்த் இருக்காது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். வின்டேஜ் என்ற பெயரில் எதைக் காப்பி அடிப்பது, எதை விடுவது என்ற விவஸ்தை வேண்டாமா?

ரெப்ளிகா வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 60களின் தொடக்கத்தில் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையில் பிறந்த ஜேடிஎம்45 ஆம்ப்பே ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டை ஒட்டிக் கட்டியதுதான். 5இ3 சர்க்யூட் எளிமையானது. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்டு நேர்மையாகக் கட்டினால் அருமையாகப் பேசும். அப்படிக் கட்டுகிறவர்கள் உள்ளே காட்டச் சொன்னால் சந்தோஷமாகக் காட்டுவார்கள். காட்ட மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

திறந்து பார்க்கும்போது முதலில் டிரான்ஸ்ஃபார்மர்களைப் பாருங்கள். டியூப் ஆம்ப் என்றால் பவருக்கு ஒன்று, அவுட்புட்டுக்கு ஒன்று, குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பெரியவர் தன்னிடம் ரிப்பேருக்கு வந்த இன்னொரு பெட்டியைக் காட்டினார். அதில் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். டியூபுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி ஒட்டியிருக்கிறது, சத்தமெல்லாம் டிடிஏ7294 சிப்பிலிருந்து வருகிறது. ஸ்விட்ச் போட்ட நொடியே சத்தம் வந்தால் சந்தேகப்படுங்கள். டியூப் சூடேறிப் பேசப் பத்து, இருபது விநாடியாவது ஆகும்.

அப்புறம் இந்தச் சோதனையை விற்பவரையே செய்யச் சொல்லுங்கள். ஆம்ப்பை அணைத்து, ஆறவிட்டு, ரெக்டிஃபயர் டியூபைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போடட்டும். சத்தமே வரக்கூடாது. வந்தால் அந்த டியூப் வெறும் அலங்காரம். மறுபடி அணைத்து, ஆறவிட்டு, அதை மாட்டிவிட்டு, இரண்டு 6வி6-இல் ஒன்றைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வாசிக்கட்டும். பிறகு அதே மாதிரி அணைத்து மற்றதைக் கழற்றிப் பார்க்கட்டும். இரண்டு தடவையும் சத்தம் குறைந்து, நாதம் கெட வேண்டும். ஒன்றைக் கழற்றினால் எந்த மாற்றமும் இல்லாமல், மற்றதைக் கழற்றினால் சத்தமே நின்றுபோனால் அது என்னிடம் வந்த ஆம்ப்பின் தம்பி. ஸ்பீக்கர் ஒயரை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட்ஹேண்ட் என்றால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வோல்ட்டுக்குக் கட்டியது என்று பாருங்கள். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேராக நம் சாக்கெட்டில் செருகினால் புகைதான். வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரைத் தாராளமான சைஸில் போட்டாலும், 60 ஹெர்ட்ஸுக்கு இழுத்துப்பிடித்து டிசைன் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். நம் 230 வோல்ட்டுக்கே கட்டிய நல்ல டிரான்ஸ்ஃபார்மராக மாற்றியிருந்தால் அதுதான் மதிப்புள்ள மாடிஃபிகேஷன்.

நான் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டதாகச் சொல்லிக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். பிறகு வட சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வீடியோ, வாட்ஸ்அப், ஜிபே விவரங்களை இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம்வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இதே போன்ற பெட்டியை வாங்கியவர்கள் இருந்தால் அந்தப் பழைய மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஓர் ஆம்ப் வீட்டில் இருக்கிறதா? நீங்களாக உள்ளே கை வைக்க வேண்டாம். ப்ளக்கைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டி (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும்) செட்டிங்கில் வையுங்கள். ஒரு முனையை ப்ளக்கின் பெரிய பின்னிலும், மறுமுனையைச் சேசிஸின் பெயிண்ட் இல்லாத ஏதாவது ஒரு ஸ்க்ரூவிலும் வையுங்கள். பீப் சத்தம் வர வேண்டும். வராவிட்டால், வால்வு வேலை தெரிந்த ஒருவர் எர்த் போட்டுத் தரும்வரை அந்த ஆம்ப்பைச் சாக்கெட்டில் செருகாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள்.